கடலுக்குப் போகிறவளிடம் கேட்ட கேள்வி

எங்கள் மையத்தில் இருந்த மூன்று தலைக்கண்ணாடிகளிலும் தேங்காயெண்ணெய் மணக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே இரண்டு லென்ஸ், முன்னால் கைப்பேசியைச் செருக ஓர் இடம், தலையின் பின்னால் இறுக்க எலாஸ்டிக் பட்டை. அவ்வளவுதான் கருவி. காலையில் போனதும் எனக்கு இருந்த வேலைகள்: லென்ஸில் ஒட்டிய முகப்பவுடரைத் துடைப்பது, பட்டையில் சிக்கிய முடியை எடுப்பது, கைப்பேசிகளைச் சார்ஜில் போடுவது, சுழல் நாற்காலியின் திருகை முறுக்கி வைப்பது. கணினிப் பொறியியல் படித்த நான்கு வருடங்களில் இவற்றில் எதுவும் பாடத்தில் வரவில்லை.

2010களின் பிற்பகுதி அது. என் வீடு புதுக்கடையில். அப்பாவுக்கு பெயிண்ட் கடை. கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போனபோது நான் இரணியல் பக்கத்தில் ஒரு சிறிய பேச்சுப் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அதை நடத்திய பேச்சுப் பயிற்சியாளரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் யாரோ நன்கொடையாகக் கொடுத்த கண்ணாடிகள் இருந்தன. அவற்றுக்குள் காட்டுவதற்குக் காட்சிகள் இல்லை. காட்சிகளைச் செய்யத்தான் நான்.

அங்கே வந்த பிள்ளைகளில் பலருக்குக் காது நன்றாகக் கேட்கும். புத்தியிலும் குறை கிடையாது. மொழி மட்டும் அவர்களிடம் நேராக வந்து சேராது. சொல்ல நினைப்பது உள்ளே முழுதாக இருக்கும், வெளியே வரும்போது சொற்கள் முன்பின்னாகும், பாதி தொலையும். இதை மொழி வளர்ச்சிக் குறைபாடு என்பார்கள். தமிழிலேயே இந்தப் பாடு என்றால் பள்ளியில் வைக்கும் ஆங்கிலம் எப்படி இருக்கும்? சொல்லையும் அது குறிக்கும் பொருளையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்பக் காட்டினால் கொஞ்சம் ஒட்டும் என்பது அக்காவின் நம்பிக்கை. படப்புத்தகத்தில் இருக்கும் கடையைவிட, நடுவில் நின்று சுற்றிப் பார்க்கக்கூடிய கடை நல்லது. அதனால்தான் இந்த மெய்நிகர் வேலை.

மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்துகொண்டிருந்தாள். நான்காம் வகுப்பு. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவர். சனிக்கிழமைகளில் இரணியல் சந்தையில் விற்று முடித்து, காலியான அலுமினியச் சட்டியை எங்கள் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு மகளை உள்ளே கூட்டி வருவார்.

முதல் நாளே அவர் காரியத்தைச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், எம் பிள்ளைக்கு இங்கிலீசு பெரிசா ஒண்ணும் வேண்டாம். அந்தக் கிளாஸ்ல இருக்க விட்டாப் போரும்."

பள்ளி அவர்கள் ஊரிலேயே இருந்த ஆங்கில வழிப் பள்ளி. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி இவளோடு ஒரே பெஞ்சில் இருந்தாள். பிறந்ததிலிருந்து கூட வளர்ந்தவள். இவள் அரைச்சொல் சொன்னால் மீதியை அவள் சொல்வாள். தாகம், வயிற்றுவலி, பென்சில் காணோம், எல்லாம் அவள் வாய்வழியாகத்தான் டீச்சருக்குப் போகும். அந்த வருடம் தலைமை ஆசிரியை சிஸ்டருக்கு இது சரிப்படவில்லை. ஆண்டு முடிவுக்குள் இவளாகவே ஆங்கிலத்தில் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு பள்ளியில் தமிழ் வழியில் சேர்த்துவிடுங்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். சிஸ்டர் கெட்டவர் இல்லை. பிள்ளை ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கும் கஷ்டமாக இருந்தது.

"வேற ஸ்கூல்ல போட்டா இவளுக்குப் பேச ஆளு யாரு டீச்சர்?" என்றார் அம்மா. "அந்தப் பிள்ள இல்லேன்னா இவ ஊமைதான்."

பிள்ளை அப்போது சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

என் முதல் காட்சி ஒரு சூப்பர் மார்க்கெட். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பொருள்களை வைத்துக் கட்டியது. ஸ்ட்ராபெரி, சீஸ், நீளமான ரொட்டி. பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து நான்கு பக்கமும் பார்த்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டாவது, மிருகக்காட்சி சாலை. சிங்கம் உறுமியபோது சிரித்தாள். சொல் இல்லை.

"நீ பாரீஸ்ல கட கட்டி வச்சிருக்க மக்கா," என்றார் அக்கா. "இவ தெனமும் பாக்குத எடத்தக் கட்டு."

அப்படித்தான் கடற்கரைக் காட்சி வந்தது. மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் சுற்றுமுற்றும் ஒரே நேரத்தில் படம் பிடிக்கும் கேமரா இருந்தது. அதை ஒரு நாள் இரவல் வாங்கினோம். அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வள்ளத்தில் ஒரு கம்பை நட்டு, அதன் உச்சியில் கேமராவைக் கட்டி, அலைக்கு அப்பால் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார்.

அதில் நான் ஒரு பொம்மைப் பையனைச் சேர்த்தேன். சிவப்புத் தொப்பி வைத்து வள்ளத்தருகே நின்று, கண்ணாடி போட்டிருப்பவரிடம் கேள்வி கேட்பான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருந்த கேள்விகள்தான். வாட் இஸ் யுவர் நேம்? வாட் இஸ் திஸ்? வேர் ஆர் யூ கோயிங்? பதில் வந்தால் நான் பொத்தானை அழுத்துவேன், வள்ளம் கடலுக்குள் போகும்.

கடைசியில் கலப்பு மெய்மை. பெயர்தான் பெரிது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையைக் கைப்பேசிக் கேமரா வழியாகப் பார்த்தால் அதன்மேல் ஒரு மீன் துள்ளும். அட்டைகளை அம்மாவின் பழைய மீன்கூடைக்குள் போட்டுவிட்டால், கையில் பிடித்திருப்பது நிஜக் கூடை, உள்ளே துள்ளுவது இல்லாத மீன்.

பிள்ளைக்கு அந்தக் கடற்கரை பிடித்துப்போயிற்று. அவள் ஊரில் பெண்பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றுவதில்லை. கண்ணாடிக்குள் அவள் ஏறலாம். "எங்க குடும்பத்துல கடலுக்குப் போற மொத பொம்பள," என்று அம்மா வாசலில் நின்று சிரித்தார்.

முதல் கேள்விக்குத் தன் பெயரைச் சொன்னாள். இரண்டாவதற்கு வள்ளத்தைக் காட்டி "போட்" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கைப்பேசியைக் கீழே போடப் பார்த்தேன். மூன்றாவது கேள்வி வந்தது. வேர் ஆர் யூ கோயிங்?

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். எழுந்து மூலையில் இருந்த தண்ணீர்ப் பானைக்குப் போனாள். ஒரு டம்ளர் குடித்தாள். பக்கத்திலிருந்த பாயில் சற்று நேரம் உட்கார்ந்தாள். பிறகு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "மொதல்ல... மொதல்ல" என்றாள். ஆரம்பத்திலிருந்து வேண்டுமாம்.

மறுபடி பெயர். மறுபடி போட். மறுபடி அந்தக் கேள்வி. மறுபடி பானை.

அடுத்த வாரமும் அப்படியே. நானும் அக்காவும் காரணங்களை வரிசைப்படுத்தினோம். அலை ஆடுவதால் தலை சுற்றுகிறது: அலையை அடக்கினேன். கேள்வி நீளம்: சுருக்கினேன். 'எங்கே' என்ற கேள்வியே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கடினம்: கடலை நோக்கி ஒரு மஞ்சள் அம்புக்குறி போட்டேன். பையனின் குரல் இயந்திரக் குரல்: அக்காவே பேசிக் கொடுத்தார். உண்மையிலேயே தாகம்: முதலிலேயே தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு உட்கார்ந்தாள், மூன்றாம் கேள்வியில் எழுந்துபோய் மறுபடி குடித்தாள்.

"கேள்வி வெளங்கல," என்று முடிவுக்கு வந்தார் அக்கா. "ஞாயித்துக்கிழமைக் கடப்பொறம் வேற, ஆளே இல்லாம கெடக்கு. அவளுக்கு அது கடலுக்குப் போறதாவே தோணாது. வேல நாளுல போய் எடுத்துட்டு வா."

புதுக்கடையிலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துப் போனேன். கடற்கரை முழுக்க ஆட்கள். பிள்ளையின் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் வள்ளத்துக்குத் தோள் கொடுத்து ஏலேலோ இல்லாமல் வெறும் மூச்சிலேயே தள்ளிக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தின் முனை தண்ணீரைத் தொட்டுவிட்டது. நான் மணலில் கேமராக் கம்பை ஊன்றிக்கொண்டே, எங்கள் கடைவாசலில் போகிற வருகிறவர்களிடம் கேட்கிற பழக்கத்தில் கேட்டேன்.

"எங்கண்ணே போறீங்க?"

நான்கு தோள்களும் நின்றன.

"ஏலே, கேட்டாச்சுல்லா," என்றார் பின்னால் நின்ற பெரியவர். "இழு, இழு. வள்ளத்த மேல ஏத்து."

"இன்னைக்குச் சாள மீனுக்கு லீவு மக்கா," என்றார் இன்னொருவர். "டீச்சர் போட்டுத் தந்துட்டாவ."

"சாளைக்கு மட்டுமா? நமக்குந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே வள்ளத்தைத் தண்ணீரிலிருந்து இழுத்து, முதலில் கிடந்த தடத்துக்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். எங்கள் பக்கத்திலும் வெளியே கிளம்பும்போது எங்கே என்று கேட்டால் அம்மா முறைப்பார். ஆனால் அதற்காக யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"தப்பா எடுக்காதீங்கண்ணே. தெரியாமக் கேட்டுட்டேன்."

"அதுக்கென்ன டீச்சர்," என்றார் பிள்ளையின் அப்பா. "ஒரு மொடக்குத் தண்ணி குடிச்சா தீந்துது."

அவர் மணலில் உட்கார்ந்தார். கேனைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்தார். கடலைப் பார்த்துச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு வள்ளத்துக்குத் தோள் கொடுத்தார். முதலிலிருந்து.

நான் கேமராவை ஓடவிட மறந்து நின்றேன். தண்ணீர், உட்காருவது, முதலிலிருந்து. இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். எங்கள் மையத்தின் மூலையில், பானைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு சனிக்கிழமையும்.

வள்ளம் அலையைத் தாண்டும் வரை வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு அக்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அப்பம் அவளுக்குக் கேள்வி நல்லா வெளங்கியிருக்கு, கேட்டியா," என்றார். "நமக்குத்தான் பதில் வெளங்கல."

அந்தச் சனிக்கிழமை அம்மாவிடம் சொன்னோம். அவர் சட்டியைக் கவிழ்க்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அய்யோ டீச்சரே! வள்ளத்தடியில நிக்க வச்சு அதையா கேட்டீங்க?" பிறகு சிரிப்பு குறைந்து மகளைப் பார்த்தார். "அப்பன் வெறுங்கையோட வந்துரப்பிடாதுன்னு பயந்திருக்கும் பிள்ள. அவரு போவும்போ நாங்க ஆரும் வாயத் தொறக்க மாட்டோம். வந்தப்பொறந்தான் பேச்சு. அப்பம் கேக்கலாம், என்ன பாடுன்னு."

பாடு என்றால் கிடைத்த மீன். வள்ளம் கரையேறியதும் கரையில் நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

நான் காட்சியைப் புரட்டிப் போட்டேன். வள்ளம் போகும்போது தொப்பிப் பையன் பேசமாட்டான், கையை மட்டும் ஆட்டுவான். திரும்பி வந்து மணலில் முட்டியதும் கேட்பான்: வாட் டிட் யூ கெட்? அப்போது பிள்ளையின் மடியில் நாங்கள் கூடையை வைப்போம். 'எங்கே' என்ற கேள்வியையும் விட்டுவிடவில்லை. அதைப் பேருந்துக் காட்சிக்கு மாற்றினேன். மண்டைக்காட்டிலிருந்து வரும் பேருந்துக்குள் கண்டக்டர் கேட்பார். வேர் ஆர் யூ கோயிங்?

"ஸ்கூல்," என்றாள் பிள்ளை, முதல் தடவையிலேயே. எங்கள் மையமும் அவளுக்கு ஸ்கூல்தான். பேருந்தில் அந்தக் கேள்வியால் யாருக்கும் கெடுதல் இல்லை.

கூடைதான் மெதுவாக நடந்தது. சாளைக்கு சார்டீன், அயிலைக்கு மேக்கரல். "ஐ கெட்" என்று தொடங்கி மேக்கரலில் போய்ச் சிக்குவாள். சில வாரம் "கெட் ஐ சார்டீன்" என்று புரட்டுவாள். அக்கா திருத்தமாட்டார். அதையே சரியான வரிசையில் தான் ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த மீனுக்குப் போவார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவர் எனக்கு விதித்த ஒரே கட்டளை. அந்த மௌனத்தில் எனக்கு நாக்கு அரிக்கும். கைப்பேசியின் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பொறுத்திருப்பேன்.

பங்குனி வெயிலில் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். அக்காவுக்கு அன்று வேறு பிள்ளைகள். நான் போனேன், பையில் கண்ணாடியும் அட்டைகளுமாக. தலைமை ஆசிரியையின் அறையில் அம்மா, பிள்ளை, நான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள்.

சற்று நேரத்தில் சிஸ்டர் ஒரு கனத்த துணிப்பையோடு வியர்த்துக்கொண்டே வந்தார். பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் கண்ணாடியை எடுத்தேன்.

"அந்தப் பெட்டி வேண்டாம்மா," என்றார். "நாளைக்கு எல்லா இடத்துக்கும் இத மாட்டிக்கிட்டா போவா?"

கேள்வி நியாயமானது. கண்ணாடிக்குள் கற்றது வெளியே வருமா என்பது எனக்கும் தெரியாது. கண்ணாடியைப் பைக்குள் வைத்தேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"சிஸ்டர், கேட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்க. அவளுக்கு நேரம் வேணும்."

சிஸ்டர் பெயரைக் கேட்டார். சொன்னாள், காதில் விழாத குரலில். அடுத்துப் படித்த பாடத்தைப் பற்றி ஏதோ கேட்டார். பதில் இல்லை. வகுப்பைப் பற்றிக் கேட்டார். இல்லை. சிஸ்டர் பொறுத்துத்தான் பார்த்தார், பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி. ஜன்னலில் நின்றவளின் உதடு மட்டும் அசைந்தது. அம்மா அவளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"சரி," என்று சிஸ்டர் பெருமூச்சு விட்டார். என் பக்கம் திரும்பித் தமிழில் பேசத் தொடங்கினார். "நீங்களும் பாடுபட்டுருக்கீங்க, இல்லேன்னு சொல்லல..."

பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போய்விட்டுக் கனத்த பையோடு வந்தவர். அவள் கை மெல்ல நீண்டு பையைச் சுட்டியது.

"வாட்... டிட்..." நின்றாள். எனக்கு நாக்கு அரித்தது. "வாட் டிட் யூ கெட்?"

சிஸ்டர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். பிறகு பையை அவள் பக்கம் நகர்த்தி அதன் வாயை விரித்துக் காட்டினார். சாக்பீஸ் பெட்டிகள். கோந்து. கொஞ்சம் ஆரஞ்சு.

"சாக்," என்றார் சிஸ்டர். "அண்ட் ஆரஞ்சஸ்."

பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தாள். "நோ சார்டீன்?"

சிஸ்டர் சிரித்ததில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "நோ சார்டீன்," என்றார். "வேர் இஸ் யுவர் ஃபாதர்?"

நேரம் எடுத்தது. பேனா மூடி இரண்டு தடவை கழன்று மாட்டியது.

"சீ. ஃபாதர் சீ. ஹி கெட் சார்டீன்."

அதற்குமேல் அன்று ஆங்கிலம் வரவில்லை. சிஸ்டர் ஓர் ஆரஞ்சை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"இந்த வகுப்புப் பிள்ளைகளோடயே ஐந்தாவதுக்குப் போகட்டும். ஆனா ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு கிடையாது. இவளுக்கு வாய் இருக்கு. அவ சொல்லிக்குடுத்துட்டே இருந்தா அது திறக்காது."

அம்மா தலையாட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பெஞ்சு பிரிவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் ஒரே வகுப்பு. கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் அதில் சந்தோஷப்பட்டேனா, பிள்ளைக்காக வருத்தப்பட்டேனா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் வராந்தாவுக்கு வந்ததும் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாவற்றையும் ஜன்னல் வழியே பார்த்தவள். எப்போதும்போல அவள்தான் முன்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி, கேளுங்க! சிஸ்டர் இவகிட்ட..."

பிள்ளை ஆரஞ்சை அம்மாவிடம் கொடுத்தாள். இரண்டு கைகளாலும் தோழியின் வாயைப் பொத்தினாள்.

"நான்," என்றாள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். தோழியின் கண்கள் அவள் விரல்களுக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தன. "நான்... சொல்லுகேன்."